பெங்களூரிலிருந்து சக்கர நாற்காலியோடு ஆறு, கடல், பாறை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மடிவாளாவாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் நான், சாலை விபத்தொன்றில் தண்டுவடத்தில் டி-10 மட்டத்தில் அடிபட்டு, தொப்புளுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் சக்கர நாற்காலியில் இயங்குகிறேன். கைகளும் தோள்களும் நல்ல வலுவோடு இருக்கின்றன. நாற்காலியிலிருந்து காருக்கும் கட்டிலுக்கும் துணையின்றி மாறிக்கொள்வேன். கையால் இயக்கும்படி மாற்றியமைத்த காரை நானே ஓட்டுகிறேன். விபத்துக்கு முன்பு, சனிக்கிழமை இரவு மெஜஸ்டிக்கில் பேருந்து ஏறி, ஞாயிறு விடியலில் ஏதாவதொரு குன்றின் மேல் நிற்பது என் வழக்கம். அந்த ஆசை இன்னும் போகவில்லை. அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு, நண்பர்கள் ஏறி இறங்கும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுற்றுலா எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சென்ற கோடையில் ஆற்றோர முகாம் ஒன்றுக்கு நண்பர்களோடு போனேன். முன்பதிவு செய்யும்போது "எல்லாருக்கும் வசதி உண்டு, தாராளமாக வாருங்கள்" என்றார்கள். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால், கழிப்பறையின் கதவு என் நாற்காலியைவிடக் குறுகலாக இருந்தது. படகுத்துறைக்கு இறங்கப் படிக்கட்டு மட்டுமே இருந்தது. நான்கு பேர் என்னைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் படகின் நடுவில் வைத்து, விழுந்துவிடக்கூடாது என்று இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். துடுப்பைக் கேட்டேன், "உங்களுக்கு எதற்கு சார் சிரமம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு மூட்டையாகப் போய் மூட்டையாகத் திரும்பி வந்தேன் என்பதுதான் உண்மை.

பாராகிளைடிங், ஸ்கூபா முக்குளிப்பு, கயாக் எனும் துடுப்புப் படகு, பாறையேற்றம் ஆகியவற்றில் என்னைப் போன்றவர்கள் தாமே இயங்கிச் செய்யக்கூடியது எது, அதற்கு உடலை எப்படித் தயார்செய்ய வேண்டும், நடத்துபவர்களிடம் என்னென்ன கேட்டால் இப்படி ஏமாறாமல் இருக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். பெங்களூரிலிருந்து ஒரு நாள் அல்லது இரண்டு நாளில் போய்வரக்கூடிய தொலைவாக இருந்தால் மிகவும் நல்லது.

மறுமொழி: இயன்முறை சுமதி (பெங்களூரு)

தம்பி, தண்டுவடக் காயம் பட்டவர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். இடங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். உடலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் வீரவிளையாட்டுக்குப் போய்த் திரும்பும் என் நோயாளிகள் படுக்கையில் விழுவது பெரும்பாலும் விபத்தால் அல்ல, உட்கார்ந்த இடத்தில் வந்த புண்ணால்தான்.

உணர்வில்லாத இடத்தில் தோல் தன் வலியைச் சொல்லாது. படகின் விளிம்பு, ஹார்னெஸ் என்ற உடல்வாரின் தொடைப்பட்டை, வெயிலில் காய்ந்த உலோகம், ஈரமான கால்சட்டையின் தையல் என்று எது வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் தோலைச் சிவக்கவைத்து, மறுநாள் புண்ணாக்கிவிடும். நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி எழும்பி அழுத்தத்தைக் குறைக்கும் பழக்கத்தைப் படகிலும் பாறையிலும் விடக்கூடாது. இரவில் கைக்கண்ணாடியை வைத்து உட்காரும் எலும்பு, வால் எலும்பு, குதிகால் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் மறுநாள் நிகழ்ச்சியை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

நாற்காலி இருக்கையில் காற்றடைத்த மெத்தை வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பெங்களூரில் சரிபார்த்து வைத்த காற்று கடற்கரையில் சரியாக இருக்காது. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து மங்களூர் பக்கமோ சென்னைப் பக்கமோ இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மெத்தை சுருங்கி, எலும்பு அடித்தட்டில் போய் முட்டும். ஊட்டிக்கு ஏறினால் அதே மெத்தை உப்பிக்கொண்டு உங்களைத் தளும்பவைக்கும். போய்ச் சேர்ந்த உடனே, மெத்தைக்கும் உட்காரும் எலும்புக்கும் நடுவே கையை நுழைத்து, ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய காற்றுப்பம்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்தது எலும்பு. எடை தாங்காத கால் எலும்புகள் காயத்துக்குப் பின் சில ஆண்டுகளிலேயே நன்றாக மெலிந்துவிடும். பாராகிளைடிங்கில் தரையிறங்கும்போது கால் மடங்கினாலோ, படகுக்கு மாறும்போது முழங்கால் திருகினாலோ எலும்பு முறியலாம், அது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். போவதற்கு முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். நாள் முடிந்ததும் ஒரு கால் மட்டும் வீங்கியோ சூடாகவோ இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகும் வழக்கம் நம் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கு இதைவிட நேரான வழி இல்லை. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைக்கும் நேரத்தை நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, சிறிய மறைப்புக் கூடாரம் ஒன்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

உங்களுக்கு டி-10 என்பதால் ஓர் ஆபத்து குறைவு. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டி-6 மட்டத்திலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமாகவோ அடிபட்டவர்களுக்கு, நிறைந்த சிறுநீர்ப்பையோ இறுக்கிக் கட்டிய பட்டையோகூட இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, தணியவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூட வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால், வெயிலில் ஒரு தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் வைத்து அடிக்கடி உடலை நனைத்துக்கொள்வதும் அவசியம்.

எதற்கும் முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். பாரா நீச்சலில் பெங்களூருக்குப் பெயர் உண்டு. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் நீந்திய சரத் கெய்க்வாட், முதுகெலும்புப் பிளவோடு பிறந்து உலக அரங்குகளில் நீந்தும் நிரஞ்சன் முகுந்தன் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். தண்ணீரில் மல்லாந்து மிதக்கவும், குப்புறக் கவிழ்ந்தால் கையால் புரண்டு முகத்தை மேலே கொண்டுவரவும் கற்ற பிறகு ஆற்றையும் கடலையும் பற்றிப் பேசலாம்.

மறுமொழி: தூத்துக்குடி முக்குளிப்பான்

சுமதி அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். கர்நாடகக் கடற்கரையில் ஸ்கூபா பயிற்றுநராக வேலை பார்க்கிறேன், அதனால் நீர் சம்பந்தமாக மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டை. மடிவாளாவாசி, உங்களைப் படகில் சேர்த்துக் கட்டியதுதான் அன்று நடந்ததிலேயே மோசமான காரியம். தூக்கிக்கொண்டு போனதுகூட அதற்கு அடுத்தபடிதான். படகு கவிழ்ந்தால், கட்டப்பட்டவர் படகோடு சேர்ந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவார். உட்கார்வதற்குப் பிடிமானம் வேண்டுமென்றால் முதுகுக்கு உயரமான சாய்மானமும், இடுப்புக்கு இரு பக்கமும் நுரைத் துண்டுகளும் வைக்க வேண்டும். அப்படியும் பட்டை தேவைப்பட்டால், தண்ணீருக்கு அடியில் நீங்களே ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடக்கூடியதாக அது இருக்க வேண்டும். அதையும் குளத்தில் கவிழ்ந்து பழகிப் பார்த்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அசைவற்ற கால்கள் பலருக்கு மேலே மிதந்து வந்து உடலைக் குப்புறத் தள்ளப் பார்க்கும். கழுத்துக்குப் பின்னால் காலர் வைத்து, முகத்தை மேல்நோக்கித் திருப்பும் வகையைக் கேட்டு வாங்கி, கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் சோதித்துவிட்டு ஏறுங்கள்.

கயாக்கில், உள்ளே கால்களை நுழைத்து உட்காரும் வகையை விட்டுவிட்டு, மேலே திறந்த தட்டில் உட்காரும் வகையை எடுங்கள். கவிழ்ந்தால் மாட்டிக்கொள்ளாமல் விழலாம். துடுப்பு போடுவது முழுக்க உங்கள் கைகளின் வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் படகுப் போட்டியான பாரா கனோ 2016 ரியோவிலேயே பாராலிம்பிக் விளையாட்டாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போனார். "உங்களுக்கு எதற்கு சார் சிரமம்" என்று இனி யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஸ்கூபாவைப் பற்றி. நீருக்கடியில் எடை சமநிலை கிடைத்துவிட்டால் கால்கள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. விரல்களுக்கு இடையே சவ்வு வைத்த கையுறை அணிந்து கையாலேயே நீந்துவார்கள். கால்கள் மேலே எழும்பாமல் இருக்கக் கணுக்காலில் சிறிய எடை கட்டுவோம். பவளப் பாறையும் சிப்பியும் கீறினால் உங்களுக்குத் தெரியாது என்பதால், முழுக்கால் மூடும் நீச்சலுடையும் மெல்லடி நியோபிரீன் காலணியும் கட்டாயம். உடையில் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் ஜிப் இருந்தால் போடுவது எளிது. இல்லாவிட்டால் அரை மணி நேரப் போராட்டம்தான். தண்ணீரில் இறங்குவது உங்களுக்குக் கஷ்டமே இல்லை: படகு விளிம்பில் உட்கார்ந்து முதுகுப் பக்கமாகச் சாய்ந்து விழுவது எல்லா முக்குளிப்போரும் செய்வதுதான். ஏறுவதுதான் சோதனை. ஏணி உங்களுக்கு உதவாது. தண்ணீரிலேயே சிலிண்டரையும் எடைப்பட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, தாழ்வான விளிம்பு உள்ள படகில் கைகளை ஊன்றி மேலே வர வேண்டும். அதனால் நடத்துபவரிடம் முதல் கேள்வியாகப் படகு விளிம்பு தண்ணீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் உங்களைப் பற்றி யோசித்திருக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தத் துறையில் 1981இலேயே கலிபோர்னியாவில் மாற்றுத்திறனாளி முக்குளிப்போருக்கான சங்கம் ஒன்று தொடங்கப்பட்டு, அது இன்று உலக அளவில் பயிற்சிச் சான்று தருகிறது. அவர்கள் முறையில், தன்னையும் துணையையும் காப்பாற்றும் திறன் உள்ளவர் ஒரு துணையோடு முக்குளிக்கலாம்; மற்றவர்கள் இரு துணைகளோடு, அதிலும் தேவைப்பட்டால் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். எவரையும் "முடியாது" என்று தள்ளாமல், எத்தனை பேர் கூட வேண்டும் என்று கணக்கிடும் இந்த முறைதான் எனக்குப் பிடித்தது. உங்கள் பயிற்றுநர் எந்தச் சான்று வைத்திருந்தாலும், இந்தக் கணக்கை அவர் போடுகிறாரா என்று பாருங்கள். தசை இறுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அது ஆழத்தில் மந்தத்தைக் கூட்டுமா என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு இயல்பான இடம் முருடேஸ்வரம் அருகே உள்ள நேத்ராணித் தீவு. மழைக்காலத்தில் கடல் மூடிக்கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு போங்கள். ஆனால் ஊர் திரும்புவதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. முக்குளித்த உடன் விமானம் ஏறக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மலைத்தொடரைக் கடந்து 900 மீட்டர் உயரத்துக்குக் காரில் ஏறுவதும் அதே வகைதான். 600 மீட்டருக்கு மேல் ஏறுவதற்கு முன், ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் கடற்கரையிலேயே இருக்க வேண்டும். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், வெளி அழுத்தம் குறையும்போது குமிழாகி நோயை உண்டாக்கும். இந்த நைட்ரஜன் நோயின் முதல் அறிகுறி பல நேரம் கால் மரப்பதும் வலுக்குறைவதும்தான். உங்களுக்கு அது தெரியவராது என்பதால், இந்த இடைவெளியை நான் மற்றவர்களைவிடக் கூட்டித்தான் வைப்பேன்.

கடலே புதிது என்பவர்கள் சென்னையில் தொடங்கலாம். மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அலை வந்து நாற்காலியைத் தொடும் இடம்வரை யாரும் தூக்காமல் போய்ச்சேர முடிவது சாதாரண விஷயம் இல்லை.

மறுமொழி: வெள்ளைக்கோல் (சிவாஜிநகர்)

எனக்குப் பார்வை இல்லை. கேட்டவருக்கு நேரடியாக உதவாது என்றாலும், இந்தத் திரியைப் படிக்கும் என் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். நான் இரட்டையர் சைக்கிளில் பின்னிருக்கையில் மிதிப்பவன். முன்னால் இருப்பவர் திருப்புகிறார், பிரேக் பிடிக்கிறார். மேட்டில் ஏற்றுவது இருவரின் கால்களும்தான், பல நேரம் என்னுடையவை அதிகமாக. முன்னால் இருப்பவர் பள்ளத்தையும் வேகத்தடையையும் வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்பதை முதல் ஒரு கிலோமீட்டரிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. பேச்சு நின்றால் பின்னால் இருப்பவருக்கு உலகமே நின்றுவிடுகிறது.

இந்தியாவில் பார்வையற்றவர்களில் முதலில் தனியாகப் பாராகிளைடரில் பறந்தவர் திவ்யான்ஷு கணாத்ரா. அவர் தொடங்கிய அட்வென்ச்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ் அமைப்பு, பார்வையுள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து மிதிக்கும் மணாலி-கர்துங்லா சைக்கிள் பயணங்களை நடத்தியிருக்கிறது. 2021 செப்டம்பரில் எட்டு மாற்றுத்திறனாளிகள் சியாச்சினில் 15,632 அடி உயரத்தில் உள்ள குமார் போஸ்ட்வரை ஏறினார்கள். இவற்றைப் படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளிதழ்களில் "தன்னம்பிக்கை" என்ற தலைப்பில் இவை வந்து முடிந்த பிறகு, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கப்பன் பூங்காவில் எனக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் கிடைப்பாரா என்பது மட்டும் மாறாமல் இருக்கிறது. எனவே மடிவாளாவாசிக்கு என் யோசனை: பெரிய பயணத்தைத் தேடுவதற்கு முன், உங்களோடு மாதாமாதம் வரக்கூடிய இரண்டு பேரைப் பிடியுங்கள்.

மறுமொழி: ராமநகரப் பாறை

பாறையேற்றத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கால் அசையாதவர் பாறை ஏற முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் நீங்கள் கற்பனை செய்யும் விதத்தில் அல்ல. மேலிருந்து தொங்கும் கயிற்றில், ஒரு பக்கம் மட்டும் நழுவும் பிடிப்பான்களை மாட்டிக்கொண்டு, கையால் இழுத்து இழுத்து மேலே போவது ஒரு வழி. எடை முழுவதையும் கையே தாங்குவது கடினம் என்பதால், கப்பிகளைக் கோத்து மூன்றில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ பாரம் மட்டும் கைக்கு வரும்படி செய்வார்கள். ஏற்றம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

இடுப்பு ஹார்னெஸ் மட்டும் போதாது. வயிற்றுத் தசையில் வலுக்குறைந்தவர் பின்னால் மடங்கிவிடுவார் என்பதால் மார்புப் பட்டையும் சேர்ந்தது வேண்டும்; தொடைப்பட்டைக்கு அடியில் தடித்த மெத்தை வைக்க வேண்டும்; பாறையில் உரசும் முழங்காலுக்கும் தாடைக்காலுக்கும் காப்பு போட வேண்டும். கயிற்றில் சும்மா தொங்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் வைத்திருங்கள். சுமதி அக்கா சொன்ன சிவப்பு இங்கேதான் முதலில் வரும்.

பெங்களூருக்கு அருகே பாறைக் குன்றுகள் உள்ள ராமநகரத்துக்கு நேராக வர வேண்டாம். பாறையின் அடிவரை போகும் பாதை கல்லும் முள்ளுமாக இருக்கும். பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்கில் உள்ள ஏறுசுவரில் தொடங்குவது எளிது. போலியோவால் பாதிக்கப்பட்டும் சர்வதேசப் பாரா ஏற்றப் போட்டிகளில் பதக்கம் வென்ற மணிகண்டன் குமார் பெங்களூர்க்காரர்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்படுவதால், இனிப் பயிற்சியாளர்களுக்கும் இதில் அக்கறை வரும் என்று நம்புகிறேன்.

கரடான பாதைக்கு வெளிநாடுகளில் ஒற்றைச் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். 1987இல் பிரான்சில் ஜோயல் குளோடெல் என்பவர் தன் உறவுப் பையனுக்காகச் செய்தது அது. அதுவும் ஒருவகையில் தூக்கிப்போவதுதான் என்பது என் எண்ணம், கேட்டவருக்கு அது பிடிக்காது. சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பு, நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போகும். மண்பாதைக்கும் ஏரிக்கரைக்கும் அதுவே போதும், ஓட்டுவதும் நீங்களாகவே இருப்பீர்கள்.

மறுமொழி: அல்சூர் வழக்குரைஞர்

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டில் மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மைக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில், தனியார் முகாமோடு வழக்காடுவதைவிட, முன்பதிவின்போதே கதவின் அகலம், படிகளின் எண்ணிக்கை, படகு விளிம்பின் உயரம் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைப்பது பயன் தரும். எழுதிக் கொடுத்த வசதி இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கையெழுத்துப் போடச் சொல்லும் பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லிப் படியுங்கள்.

மடிவாளாவாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குளத்தில் தொடங்கி, கண்டீரவா சுவரைப் பார்த்துவிட்டு, அக்டோபருக்குப் பிறகு நேத்ராணி என்று முடிவுசெய்திருக்கிறேன். விளிம்பின் உயரத்தை இன்றைக்கே மூன்று இடங்களில் கேட்டேன். ஒருவர் மட்டும் அளந்து படத்தோடு அனுப்பினார். பாராகிளைடிங்கை எலும்புப் பரிசோதனை முடிவு வந்த பிறகு யோசிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. அம்மா ஊரிலிருந்து வருகிறார். ஒகேனக்கலுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார். பரிசலில் நானும் ஏற முடியுமா, அல்லது கரையில் மீன் வறுவலோடு காத்திருக்க வேண்டியதுதானா?

மறுமொழி: பென்னாகரத்தான்

தம்பி, ஏறலாம், ஆனால் நாளைப் பார்த்து வாருங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். புறப்படும் நாள் காலையில் செய்தியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் வேண்டாம், கூட்டத்தில் பரிசல்காரருக்கு உங்களுக்காக நிற்க நேரம் இருக்காது.

துறையில் படிகள் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீங்கள் நாற்காலியிலிருந்து தரைக்குத் தானாக இறங்கத் தெரிந்தவர் என்றால், படியில் உட்கார்ந்தபடியே கையூன்றி ஒவ்வொன்றாக இறங்கலாம். அடியில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு, அதையும் கூடவே இழுத்துக்கொள்ளுங்கள், கல்லில் தோல் உரியும். பரிசலைக் கரையில் பாதி ஏற்றி நிறுத்தி, இரண்டு பேர் விளிம்பை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு தாழ்ந்து உங்கள் உட்காரும் உயரத்துக்கு வரும், அப்போது பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போகலாம். பரிசலுக்குச் சாய்மானம் கிடையாது, அடிப்பகுதி மூங்கில் வரிச்சோடு மேடுபள்ளமாக இருக்கும். அதனால் நனைந்தாலும் கெடாத மெத்தை ஒன்று வேண்டும். முதுகை விளிம்பில் சாய்த்து, காலை நடுவில் நீட்டி உட்காருங்கள். சுழலில் பரிசலைச் சுற்றிக் காட்டுவது இங்கே வழக்கம். உங்களுக்கு இடுப்புப் பிடிமானம் இல்லை என்று ஏறும்போதே சொல்லி, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அல்லது அம்மாவை எதிரே உட்காரவைத்துவிட்டு, கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று மட்டும் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட் தருவார்கள். காலர் வைத்தது அவர்களிடம் இருக்காது, உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.

கழிப்பறைக்கு, துறைக்கு வருவதற்கு முன் பென்னாகரத்திலேயே ஏதாவதொரு தங்கும் விடுதியில் கதவை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. வருவதற்கு இரண்டு நாள் முன்பு இங்கே எழுதுங்கள். பரிசல் ஓட்டும் என் சித்தப்பா மகனிடம் சொல்லி, விளிம்பைப் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்கிறேன்.